எதிர்த் தட்டு

நாற்காலியில் சாய்ந்ததுமே எமில்டா, "நான் குறட்டை விடுவேன், பரவாயில்லையா டாக்டர்?" என்றாள்.

"தாராளமா விடுங்க. இங்க முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்," என்றார் ஹிப்னாடிச டாக்டர் கதிர்வேல். "எந்த வேளைச் சாப்பாட்டுல தப்பு நடக்குது?"

மத்தியானத்தில்தான். கணவர் பெலிக்ஸ் இறந்து மூன்று வருஷமாகியும் அவளுடைய கை முதலில் அவர் தட்டில்தான் பரிமாறியது. பிறகுதான் தன் தட்டு. சோற்றைக் கொட்ட மனசு வராமல் இரண்டையும் அவளே சாப்பிட்டாள். எடை எகிறி, இதய டாக்டர் கெடு வைக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

கதிர்வேல் குரலைத் தணித்து எண்ணினார். ஏழு வருவதற்குள் அவள் இமைகள் கனத்தன.

"ஒரு தட்டோட வயிறு நிறைஞ்சிடும். எதிர்த் தட்டுப் பக்கம் கையே போகாது."

மறுநாள் அப்படியே நடந்தது. தன் சோற்றை முடித்தாள், கை நகரவில்லை. எதிரே மீன் குழம்பில் ஆடை படர்ந்தது. சோறு விறைத்தது. இத்தனை நாளும் அந்தத் தட்டு காலியாகிவிடும். இன்றைக்குத்தான் அதைச் சாப்பிட ஆள் இல்லை என்பதை அவள் உட்கார்ந்து பார்த்தாள்.

கிளினிக்குக்குப் போன் போட்டாள்.

"பலிச்சுதாம்மா?"

"பலிச்சிடுச்சு டாக்டர். பழையபடி மாத்திடுங்க."

"உயிருக்கு ஆபத்தும்மா."

"அப்ப வேற ஒண்ணு சொல்லி வையுங்க. நீங்க சொன்னா என் மனசு நம்புது." எமில்டா எதிர்த் தட்டை ஒரு மூடியால் மூடினாள். "இன்னிக்கு அவர் வெளியில சாப்பிட்டுக்குவார்னு சொல்லுங்க."