கணவர் குரலுக்கு முப்பத்தொன்று

காலையில் காதுக் கருவிக்குப் புது மென்பொருள் ஏறியதும் சுகிர்தாவுக்கு எல்லாமே கணீரென்று கேட்டது. குக்கர், லிஃப்ட் கதவு, மாடி வீட்டுக் குழந்தையின் அழுகை. எதிரே உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் ஆல்வின் பேசியது மட்டும் கேட்கவே இல்லை.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவனுக்கு வெறும் காற்றுக்குரல்தான். அதைப் பிடிக்கவென்றே, அவன் வேலை பார்க்கும் அந்தக் கருவிக் கம்பெனிக்கு வருஷக்கணக்காக நடையாய் நடந்து, மென்பொருளில் தனி விதிகளை ஒவ்வொன்றாக எழுத வைத்திருந்தாள்.

கம்பெனிக்கு போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

“அந்தப் பகுதியை எடுத்தாச்சு மேடம். பின்னாடி வர்றவங்க படிச்சுத் திருத்த எவ்வளவு சுலபம்னு மெஷின் போடுற பராமரிப்பு மதிப்பெண், நூத்துக்கு முப்பத்தொண்ணுதான் வந்துச்சு.”

“நல்லாத்தானே வேலை செஞ்சுது?”

“செஞ்சுது மேடம். ஆனா ஒரே ஒரு குரலுக்காக அத்தனை விதி! நாளைக்குப் புதுசா வர்றவங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.”

“மதிப்பெண்ணை மெஷின் போடும். எடுக்கச் சொன்னது யாரு?”

அந்தப் பெண் பெருமையாகச் சொன்னாள்: “உங்க சார்தான் மேடம். விதிவிலக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்போம். சொந்த வீட்டு விஷயம்னுகூடப் பாக்கலையே! மீட்டிங்ல எல்லாரும் கைதட்டினோம்.”

சுகிர்தா போனை வைத்தாள். ஆல்வின் தட்டை நகர்த்திவிட்டு, கையை ஆட்டி ஆட்டி என்னவோ விளக்கிக்கொண்டிருந்தான். கேட்காத வார்த்தைகளை அவன் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வது அவளுக்கு வழக்கம்தான். இன்று அவள் பார்க்கவில்லை. குக்கர் விசில் அடித்தது. அது கூப்பிட்டதுபோல எழுந்து போனாள்.