முதல்வருக்குத் தெரியாத குரல்

இசைக் கல்லூரி முதல்வருக்கு இரண்டு ஸ்வரம் காதில் விழுந்தால் போதும். பாடுவது யார், யாரிடம் படித்தவர் என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுக்காகத்தான் அவரை முதல்வராக்கினார்கள் என்று கல்லூரியில் பேச்சு.

அன்று அவருடைய அறைக்கு மகள் ஒரு பழைய கேசட்டோடு வந்தாள்.

"யாருன்னு சொல்லுங்கப்பா."

மேஜையிலிருந்த டேப் ரெக்கார்டரில் அவள் அதைப் போட, பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். ஒரு பெண் நிதானமாக ராகம் பாடினாள். ஐந்து நிமிடம் அவர் அசையவேயில்லை.

"யாரும்மா இது? மேடையில கேட்டதில்லையே."

"மேடை ஏறினதில்லப்பா."

"யார்கிட்ட கத்துக்கிட்டாங்க?"

"சின்ன வயசுல கொஞ்சம். அப்புறம் கேள்வி ஞானம்தான்."

"முப்பது வருஷமா இப்படி ஒரு குரலத்தான் தேடிட்டிருக்கேன். கூட்டிட்டு வா, இங்கயே வேலை போட்டுத் தரேன்."

உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்றது. டேப் மட்டும் ஓடியது.

"நல்ல இடத்துல ஏன் நிறுத்திட்டாங்க?" என்றார் எரிச்சலோடு.

அவள் கொஞ்சம் பின்னால் ஓட்டி, மறுபடி போட்டாள். குரல் நிற்பதற்குச் சற்று முன்னால் கிறீச்சென்று ஒரு சத்தம். தன் வீட்டு இரும்பு கேட்டை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"அம்மா போனப்புறம் பீரோவைக் காலி பண்ணினேன்ல, அப்பக் கிடைச்சுதுப்பா. இசையைப் பத்தி நீங்க எழுதற வீட்டுல யாரும் முணுமுணுக்கக்கூட கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களே" என்றாள் மகள். "நீங்க வந்துட்டீங்க. அம்மா நிறுத்திட்டாங்க."