ஊசி விழுந்தாலும் கேட்கும் ஊர்

பனி பெய்யும் அந்த வெளிநாட்டு ஊரில் யாரும் குரலை உயர்த்துவதில்லை என்பதில் சேதுமாதவனுக்கு அபாரப் பெருமை. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் காது மந்தமான அக்காவிடம் ஞாயிறுதோறும் போனில் அதைச் சொல்வார். “அக்கா, கேக்கா? இங்க சத்தமே கிடையாது. ஊசி விழுந்தாக்கூட கேக்கும்.” கடல்களைத் தாண்ட வேண்டிய குரல் என்பதால் அடிவயிற்றிலிருந்து எடுப்பார். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பனி உதிரும். “நல்லாத்தான் கேக்கு. ஏம்ல கத்துத?” என்பாள் அக்கா. உடனே பக்கத்து வீட்டுக் கிழவர் சுவரைத் தட்டுவார். அவர் அந்த ஊர்க்காரர், வேறு பாஷை. “பாருக்கா, சுவர இடிக்கான். நாகரிகம் தெரியாத பய” என்று சேதுமாதவன் இன்னும் உரக்க முறையிடுவார்.

ஒரு ஞாயிறு அக்கா மகன் போனை எடுத்தான். “மாமா, அம்மாவுக்கு இப்பம் சுத்தமா கேக்கல. இனிமே எழுதி அனுப்புங்க.”

அவர் அத்தனை நாள் புகழ்ந்த அமைதி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. நிஜமாகவே ஓர் ஊசியைப் போட்டுப் பார்த்தார். கேட்டது. அதற்கப்புறம் ஞாயிறுகளில் போனை மடியில் வைத்துக்கொண்டு பனியைப் பார்த்திருந்தார். அப்படி ஒரு மாலையில் சுவர் மெல்லத் தட்டப்பட்டது. பிறகு, ஏதோ பறவை கூப்பிடுவதுபோலக் கிழவரின் குரல் வந்தது. “அக்கா... கேக்கா?”

சேதுமாதவன் எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்தார். குரல் மறுபடியும் வந்தது, இம்முறை அடிவயிற்றிலிருந்து.

“நல்லாத்தான் கேக்கு” என்றார் மெதுவாக. “ஏம்ல கத்துத?”