மலையிலிருந்து வந்த சிக்னல்

“மீட்பு மையத்திலேருந்து பேசறேன். உங்க வீட்டுக்காரர் கிளைடர் ஓட்டறவரா?”

எஞ்சின் இல்லாத அந்த விமானத்தின் பேரைக் கேட்டாலே அவளுக்குப் பயம். போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “ஆமா சார். என்னாச்சு?”

“அவர் பேர்ல பதிவான பீக்கன், அதான் அவசர உதவி கேக்கற கருவி, மலையிலேருந்து சிக்னல் அனுப்புது. ஆபத்துன்னாதான் அந்த பட்டனை அமுக்குவாங்க. ஹெலிகாப்டர் கிளம்பிடுச்சு.”

அவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். சோபாவில் வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். போன உயிர் திரும்பி வந்தது.

“சார், மனுஷன் முழுசா இங்க படுத்திருக்கார். குறட்டை உங்களுக்கே கேக்குமே! ஹெலிகாப்டரைத் திரும்பி வரச் சொல்லுங்க.”

“ஆள் இருந்தாப் போதாதும்மா. பீக்கனைக் கண்ணால பார்த்துச் சொன்னாத்தான் தேடறதை நிறுத்துவோம்.”

“இது என்னடா வம்பு!” என்று அலுத்தபடி அவருடைய பையைக் கொட்டினாள். கூலிங் கிளாஸ், தொப்பி, கையுறை எல்லாம் விழுந்தன. பீக்கனைக் காணோம்.

கணவரை உலுக்கினாள். “ஏங்க, பீக்கன் எங்க? மலையில அடிக்குதாம்!”

அவர் துள்ளி எழுந்தார்.

“நீ பயப்படுவேன்னுதான் சொல்லல... ஆறு மாசமா பறக்கக் கத்துக்கறான். இன்னிக்கு மலைக்குத் தனியாப் பறக்கப் போறானேன்னு நான்தான் கொடுத்தனுப்பினேன்.”

“யாரு?”

“உன் தம்பி.”

போனில் அதிகாரி அவசரப்பட்டார். “பார்த்தாச்சாம்மா? திருப்பிடலாமா?”

“வேணாம் சார்!” என்று அலறினாள். “இன்னும் வேகமாப் போகச் சொல்லுங்க!”