நடுவில் அண்ணி

"அந்தம்மா 'என்னை'ன்னு சொன்னா, மொழிபெயர்க்கும்போது நீங்களும் 'என்னை'ன்னுதான் சொல்லணும் அண்ணி. 'அவங்களை'ன்னு மாத்தக் கூடாது. எங்க புரொபசர் அதுல ரொம்பக் கண்டிப்பு."

"அந்தம்மா உன்னைத் திட்டினா நானும் திட்டலாம்ல?"

"அதுக்குத்தானே இத்தனை நாளா காத்துட்டு இருக்கீங்க?"

அண்ணி சிரித்துக்கொண்டே தன் போனோடு இணைத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

நாத்தனார் மனித உரிமையும் சர்வதேச அரசியலும் முதுகலையில் படிக்கிறாள். தொலைதூர முகாமில் இருக்கும் அகதிப் பெண் ஒருத்தியின் வாக்குமூலம் இன்று மாலைக்குள் குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண்ணை அவள் தப்பி வந்த நாட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். களப்பணிக்குப் போன வகுப்புத் தோழி அங்கே போனைப் பிடித்துக்கொண்டிருக்க, இங்கே அந்தப் பெண்ணின் மொழி தெரிந்தவள் அண்ணிதான். அண்ணன் வெளிநாட்டில் வேலை பார்த்தபோது விரும்பிக் கட்டிக்கொண்டவள். தமிழை இங்கே வந்து கற்றுக்கொண்டு, இப்போது மாமியாரையே பேச்சில் மடக்குகிறாள்.

"ஊரை விட்டுக் கிளம்பின அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க."

அண்ணி அந்த மொழியில் கேட்டாள். பிறகு வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

"என்ன அண்ணி?"

"எழுதிக்கோ" என்றாள்.

நாத்தனார் லேப்டாப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"ரெண்டு லாரி வந்துச்சு. ஒண்ணு மூடினது, ஒண்ணு திறந்தது. என் பொண்ணுக்கு அப்போ ஒரே சளி. புழுதி ஆகாதேன்னு மூடின லாரியில இருந்த ஒரு அம்மா மடியில குழந்தையைக் கொடுத்தேன். அதுல எனக்கு நிக்க இடமில்ல. திறந்த லாரியில ஏறிக்கிட்டேன்."

"அப்புறம்?"

"சோதனைச் சாவடி தாண்டினதும் அந்த லாரி வேற பக்கம் திரும்பிடுச்சு."

விரல்கள் நின்றன. இப்படி ஒன்றை அவள் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.

"தேடலையா?"

"கால் தேயத் தேடினேன்."

கேள்வியும் பதிலும் இப்போது இடைவெளியே இல்லாமல் வந்துகொண்டிருந்தன. அண்ணியின் குரல் தழுதழுத்தது. பாவம், இளகிய மனசு, இவளை உட்கார வைத்திருக்கக் கூடாது என்று நாத்தனாருக்குத் தோன்றியது.

"இத்தனை வருஷமா ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேட்கலையே. போன இடத்துல என்னைத் தங்கமாத்தான் பார்த்துக்கிட்டாங்க. பழசைக் கிளறினா மனசு நோகும்னு நினைச்சிருப்பாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாத்தனார் அதையும் எழுதி முடித்தபோது அவளுடைய செல்போன் அடித்தது. முகாமிலிருந்து தோழி.

"ஸாரிடி. அந்தம்மா வணக்கம் சொன்னதுமே லைன் போயிடுச்சு. சிக்னல் தேடி இப்பதான் மேட்டுல ஏறி வந்தோம். இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்கலையே, ஆரம்பிக்கலாமா?"