நாற்பதாவது முழுக்கு

"யோவ் பாண்டெலிஸ், உன் பேரப்பிள்ளைங்க எத்தனை முழுக்கு?" தெருவில் நின்றபடி மாடியைப் பார்த்துக் கத்தினார் கேப்டன் அர்கிரிஸ்.

"முப்பத்தொன்பது!" மாடி முகப்பிலிருந்து கர்ஜித்தார் கேப்டன் பாண்டெலிஸ். "உன் வீட்டு உருப்படிங்க?"

"அதே முப்பத்தொன்பதுதான். ஆனா எங்க வீட்ல வாய் கொப்புளிக்கிறதையெல்லாம் முழுக்குல சேர்க்கிறதில்ல."

"உங்க குடும்பத்துல வாய் கொப்புளிப்பீங்களா? சொல்லவே இல்லையே!"

தெரு சிரித்தது. அர்கிரிஸ் தன் மூன்று பேரன்களையும் ஓட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

ஆண்ட்ரோஸ் தீவுக்குக் கோடை விடுமுறையில் வரும் பிள்ளைகள் கடலில் எத்தனை முழுக்குப் போட்டார்கள் என்பதை வைத்துத்தான் குடும்பத்தின் மதிப்பு. நாற்பதைத் தொட்ட பிள்ளைக்குக் குளிர்காலம் முழுக்க ஒரு தும்மல் வராது. தொடாத பிள்ளையின் தாத்தா, அடுத்த கோடை வரை காபிக்கடையில் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். இன்று கடைசி நாள். நாலு மணிக் கப்பலில் பிள்ளைகள் ஏதென்ஸ் திரும்புகிறார்கள்.

உள்ளே வந்த பாண்டெலிஸ் திடுக்கிட்டு நின்றார். மருமகள் டெஸ்பினா, நாலு வயது லூக்காஸின் கையில் ஆரஞ்சு நிறக் காற்றுப் பட்டை ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது கண்றாவி?"

"மிதக்கிறதுக்கு, மாமா. நானும் இன்னிக்கு வரேன்."

"ஏழு தலைமுறையா கப்பல் ஓட்டுற வம்சம் இது. கையில காத்தடிச்சுக் கட்டிக்கிட்டுக் கடல்ல இறங்கினவன் ஒருத்தன் கிடையாது."

"உங்க வம்சத்துல எல்லாரும் மீசையோடயே பொறந்திருப்பாங்க. இவன் குழந்தை, மாமா."

"கடற்கரையில அந்த ஜெர்மனிக்காரக் குடும்பத்தைப் பார்த்தியா? கூடாரம், குடை, ஏழு பை, ஒரு ரப்பர் வாத்து. குளிக்க வந்தாங்களா, குடித்தனம் பண்ண வந்தாங்களா? பிள்ளைங்களுக்குச் சுவத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி களிம்பு வேற. நீயும் அப்படிக் கிளம்பப் போறியா?"

"அவங்க பிள்ளைகூட அவங்களும் தண்ணில இறங்குறாங்க இல்ல? ஆபீஸ் வேலை, கம்ப்யூட்டர்னு நான் ஒரு நாள்கூட வரல. ரெண்டும் நீந்துறதை ஒரு வீடியோ எடுக்கணும். எங்கம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க." அவள் நிமிர்ந்தாள். "முதல் நாள் நான் சொன்னது ஞாபகம் இருக்கா? நீங்க கூட இறங்கி நின்னாத்தான் பிள்ளைங்க இறங்கணும். நிக்கிறீங்கதானே?"

"யாரைப் பார்த்து என்ன கேட்கிற! அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் நாற்பத்திரண்டு வருஷம் ஆட்டிப் படைச்சவன்கிட்டயா?"

"அம்மா, நீ வராதே. ஏற்கெனவே கூட்டம்" என்றாள் ஆறு வயது மீர்ட்டோ.

பாண்டெலிஸ் பேத்தியைப் பெருமிதத்தோடு பார்த்தார். வம்ச ரத்தம்.

"கேட்டியா? இந்தப் பட்டையோட இவன் காபிக்கடை முன்னால நடந்து போனா, அர்கிரிஸ் செத்தாலும் சிரிச்சுக்கிட்டேதான் சாவான். உன்னோட மலை நாட்டுல இதெல்லாம் மானக்கேடா தெரியாம இருக்கலாம். சரி, பெட்டி கட்டிட்டியா?"

"இன்னும் இல்ல."

"நாலு மணிக் கப்பல் உனக்காக நிக்காதும்மா. அதுக்கு நான் கேப்டன் இல்ல."

டெஸ்பினா கட்டில்மேல் குவிந்து கிடந்த துணிகளைப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டு, மகன் கையிலிருந்த பட்டையைக் கழற்றி மூலையில் எறிந்தாள். "போய்ட்டு வாங்க. உங்க நாற்பதும் உங்க வம்சமும்!"

காபிக்கடை வந்ததும் பாண்டெலிஸின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. ஒரு கையில் பேத்தி, இன்னொரு கையில் பேரன். பட்டை இல்லை, வாத்து இல்லை.

"நாற்பதா, கேப்டன்?" என்றது கடை.

"நாற்பது!"

"அர்கிரிஸ் முந்திக்கிட்டார். அப்பவே போயாச்சு."

"போகட்டும். அந்தக் குடும்பத்துல தண்ணியில மிதக்கத் தெரிஞ்சது பொய் மட்டும்தான்."

கடை குலுங்கியது. பாண்டெலிஸ் நடையைக் கூட்டினார். கடலுக்கு இறங்கும் படிக்கட்டு வந்ததும் முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்தார். பிறகு படியில் இறங்காமல், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு புனித நிக்கோலஸ் கோயிலுக்குப் பின்னால் இருந்த எலுமிச்சைத் தோட்டத்துக்குள் நுழைந்தார்.

மூன்று பேரன்களின் தலையிலும் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்த கேப்டன் அர்கிரிஸ் நிமிர்ந்தார். "பிள்ளைங்க மேல தடவ உப்பு கொண்டாந்தியாய்யா? ஜாடி தினமும் காலியாகிறதை என் பொண்டாட்டி பார்த்துட்டா. நம்ம ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாதுங்கிறதைத்தான் இன்னும் கண்டுபிடிக்கல!"