நின்றதே இல்லாத சர்வர்

நான் ஒரு சேலைக் கடையின் இணையதளம். ஒரே சர்வரில் பல தளங்களோடு இடிபட்டுக்கொண்டிருந்தேன். ஆடித் தள்ளுபடி வருவதற்குள் எனக்கென்று தனி சர்வர் வேண்டும் என்று கிளம்பினேன்.

முதலில் பார்த்த சர்வர், "போன மழையில ஒரு தடவை நின்னுட்டேன். உடனே ஆள் வந்து எழுப்பினாங்க. தகவல் எதுவும் தொலையலை," என்றது.

இதைப் போய் வெளியில் சொல்வார்களா என்று முகம் சுளித்துவிட்டு அடுத்ததிடம் போனேன்.

"நான் நின்னதே இல்லை அண்ணாச்சி!" என்றது அது. வேறெதுவும் கேட்காமல் அங்கேயே குடியேறினேன்.

தள்ளுபடி தொடங்கியது. கூட்டம் ஏறியதும் சர்வர் படுத்துவிட்டது.

"நின்னதே இல்லைன்னு சொன்னியே?"

"பொய் இல்லை அண்ணாச்சி. என்கிட்ட குடிவந்த முதல் ஆளே நீங்கதான்."

"சரி, இப்போ உன்னை யார் எழுப்புவாங்க?"

"அது எனக்கும் தெரியலையே."

வந்தவர்கள் எல்லோரும் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு முதல் சர்வரிடமே திரும்பினேன். அது ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டாமல் இடம் கொடுத்தது.

"உங்க முகப்புல கொட்டை எழுத்துல என்னமோ இருக்கே, என்ன அது?" என்று மட்டும் கேட்டது.

"சாயம் போகவே போகாது," என்று மெல்லப் படித்தேன்.

"அப்படியா? யாராவது துவைச்சுப் பார்த்தாங்களா?"